நாற்பத்தோரு வீட்டுத் தண்ணீர்

கிளிப் படம் போட்ட பிஸ்கட் டின்னை அன்று காலையில் கமலவேணி மூன்றாவது முறையாகப் பார்த்தாள். பாக்கியலட்சுமியின் அடுப்படியில், தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில், மூடியைத் திறந்துகொண்டு, கழுத்துவரை அரிசியோடு அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. முதல் வீட்டில் பார்த்தபோது ஒன்றும் தோன்றவில்லை. நாலாவது வீட்டில் பார்த்தபோது, ஒரே கடையில் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். இது ஏழாவது வீடு. கிளியின் வாலுக்குக் கீழே தகரம் நசுங்கியிருந்தது. மூன்று பேர் ஒரே கடையில் டின் வாங்கலாம். மூன்று டின்னும் ஒரே இடத்திலா நசுங்கும்?

"பாத்தீங்களா, அரிசி ரெண்டு வாரத்துக்குத் தாங்கும்" என்றாள் பாக்கியலட்சுமி. நேற்றுவரை "வாடி கமலா, போடி கமலா" என்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரே சந்து, ஒரே கிணறு. கையில் ஆபீஸ் காகிதத்தைப் பார்த்ததும் 'ங்க' ஒட்டிக்கொண்டது. நாற்காலியைத் துடைத்துப் போட்டு, சீனி தூக்கலாக ஒரு கோப்பித் தண்ணியும் வைத்திருந்தாள்.

கமலவேணி இன்ச் கோடு போட்ட குச்சியை ஜாடிக்குள் விட்டாள். பதினெட்டு இன்ச். ஏழு வீட்டிலும் பதினாறுக்குக் குறையவில்லை. அடேயப்பா, மாசி மாத வெயிலில் கிணறு அடிமண் தெரிய வற்றிக் கிடக்கிறது, குடங்கள் விடிவதற்கு முன்பே பெரிய ரோட்டுப் பைப்படியில் வரிசை போடுகின்றன. வீட்டுக்குள் வந்து பார்த்தால் ஜாடி தளும்புகிறது!

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து ஆறு மாதம். மலாக்காவின் காஜா பெராங்கில் ஒரு பொதுப் பைப் போடுவதாக ஆபீசில் முடிவாகியிருந்தது. ஒன்றே ஒன்று. அது இந்தச் சந்துக்கா, பின் சந்துக்கா என்பதை வீடு வீடாகப் போய் எடுக்கும் கணக்கை வைத்துத் தீர்மானிப்பார்கள். எந்தச் சந்தில் பற்றாக்குறை வீடுகளின் பங்கு அதிகமோ அங்கே பைப். ஜாடியில் எவ்வளவு தண்ணீர், டின்னில் எவ்வளவு அரிசி, தண்ணீர் இல்லாமல் உலை வைக்காத நாள் உண்டா, யாராவது அரைவயிற்றோடு படுத்தார்களா என்று பாரத்தில் பதினோரு கேள்விகள். போன வருடம் ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் கமலவேணி ஒரு தப்பும் இல்லாமல் எழுதிக் கொடுத்த பேர் இருந்ததால், தன் சந்தின் நாற்பத்தோரு வீடும் அவளிடம் வந்தது. சனிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும். இன்று வியாழன்.

பாக்கியலட்சுமியிடம் சொல்லிக்கொண்டு வாசலில் இறங்கியவள் எட்டாவது வீட்டுக்குப் போகவில்லை. சத்தம் போடாமல் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். வேலிக்கு இந்தப் பக்கம் பாக்கியலட்சுமி, அந்தப் பக்கம் எட்டாவது வீட்டு அலமேலு. கிளி டின் வேலிக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. இரண்டு மண்ணெண்ணெய் டின்களில் தண்ணீர் கீழே தயாராக இருந்தது.

கையும் களவுமாகப் பிடிபட்ட இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

"என்னடி இது கூத்து?" என்றாள் கமலவேணி.

"நீதானே சொன்ன, நாளைக்கு வர்றேன்னு" என்றாள் அலமேலு, டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு. "கவர்மெண்டு ஆளு வர்றப்ப காலி ஜாடியையா காட்டுவாங்க?"

"கவர்மெண்டு ஆளு நான்தாண்டி!"

"நீ எழுதிக்கிட்டுப் போயி ஆபீஸ்ல குடுப்ப. அங்க எத்தன ஆம்பளைங்க படிப்பாங்க? அலமேலு வீட்டுல சோறு இல்லன்னு மலாக்கா பூரா தெரியணுமா?"

"நேத்து இவளுக்கு நான்தான் ரெண்டு வாளி ஊத்தினேன்" என்று பாக்கியலட்சுமி நடுவில் புகுந்தாள். "அத வேணா எழுதிக்க." மாட்டிக்கொண்ட நேரத்திலும் அதைச் சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை.

கமலவேணி தலையில் அடித்துக்கொண்டாள். குற்றம் அவளுடையதுதான். மரியாதைக்காக முதல் நாளே சந்து முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். இந்தச் சந்தில் ஒருவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டால் கூட்டிப் பெருக்கி, பாத்திரத்தை நிறைத்து வைத்துவிட்டுத்தான் மறுவேலை. அது தெரிந்தும் சொன்னாள் பாருங்கள், அதுதான் அவள் சாமர்த்தியம்.

மத்தியானம் ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி ராஜரத்தினம் இரண்டு சந்தின் பாரக் கட்டுகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பின் சந்துக் கட்டு கணேசமூர்த்தி எடுத்தது. அவன் சொல்லாமல் கொள்ளாமல் போய் வாசலில் நின்றிருக்கிறான்.

"அங்க முப்பத்தெட்டு வீட்டுல சரிபாதி, பத்தொம்பது வீட்டுக்குத் தண்ணி பத்தல. உங்க சந்துல பாத்த ஏழு வீட்டுலயும் ஜாடி வழியுது" என்றார். "பைப்ப எங்க போடச் சொல்றது? நீங்களே சொல்லுங்கம்மா."

கமலவேணி கிளி டின் கதையைச் சொன்னாள். ராஜரத்தினம் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துப் பார்த்தார், முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"திரும்பப் போயி அளந்தா?"

"இனிமே நான் தெருவுல தலையக் காட்டினாலே டின்னு முன்னாடி ஓடும் சார். வேற மாதிரி கேட்டுப் பாக்கறேன். பாரத்துல இல்லாத கேள்வி."

அவர் அவளுடைய பாரம் ஒன்றைத் திருப்பிப் போட்டார். "பின்பக்கத்துல எழுதுங்க. பின்பக்கத்துல எழுதக் கூடாதுன்னு எனக்கு யாரும் சொல்லல."

கேள்வியைக் கொடுத்தது பாக்கியலட்சுமிதான், அது அவளுக்கே தெரியாது. ஆபீசிலிருந்து திரும்பி நடக்கும்போது கமலவேணிக்கு அவளுடைய 'ரெண்டு வாளி ஊத்தினேன்' மறுபடி காதில் விழுந்தது. 'இல்லை' என்று சொல்ல நாக்கு வராதவர்கள் 'கொடுத்தேன்' என்று சொல்ல எப்படித் துடிக்கிறார்கள்! சந்தோஷத்தில் நடுரோட்டில் நின்று சிரித்துவிட்டாள். சைக்கிளில் போன ஒரு சீனக் கிழவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

வெள்ளிக்கிழமை குச்சி இல்லாமல் பாரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கேட்டது ஒன்றே ஒன்று. "இந்த வாரம் நீங்க யாருக்காச்சும் தண்ணி குடுத்தீங்களா, அரிசி குடுத்தீங்களா?"

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. அலமேலு பக்கத்து வீட்டுக்கு ஒரு குடம் கொடுத்தாள். அந்தப் பக்கத்து வீடு கோடிவீட்டுக்கு அரை டின் கொடுத்தது, கூடவே கருவாடும். செவ்வாய்க்கிழமை உலை வைக்காத வீடு எது, புதன்கிழமை பிள்ளைகளுக்கு மட்டும் கஞ்சி காய்ச்சி ஊற்றிவிட்டுப் பெரியவர்கள் வெறும் தேத்தண்ணியோடு படுத்த வீடு எது, எல்லாம் தேதியோடு வந்தது. கொடுத்தவள் சொல்லச் சொல்ல, வாங்கியவளின் பாரத்தைத் தேடி எடுத்துப் பின்பக்கத்தில் குறித்தாள். சந்தில் ஒரு பெண்கூடத் தனக்கு இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நடுப்பகலுக்குள் இருபது வீட்டின் பற்றாக்குறை காகிதத்தில் ஏறிவிட்டது. இன்னும் ஒன்று வந்தால் பாதியைத் தாண்டி, பின் சந்தையும் முந்திவிடும்.

கடைசி வீடு மீனாச்சியுடையது. தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே வாழும் சிட்டிக் குடும்பம். பேச்செல்லாம் மலாய், சாமி பேரும் சடங்குப் பேரும்தான் தமிழ். அவள் வீட்டுக்குள்ளேயே கிணறு இருந்தது, வற்றாத ஊற்று. மீனாச்சி கெபாயாச் சட்டையின் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு, "மாசோக், மாசோக்" என்று உள்ளே அழைத்து, சவ்வரிசிப் பணியாரம் ஒரு தட்டு நிறைய வைத்தாள். கேள்வியைக் கேட்டதும் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினாள். ஒன்பது வீடு. ஒன்பதும் ஏற்கெனவே பின்பக்கத்தில் குறித்த வீடுகள்தான்.

"அப்புறம் முப்பத்தேழாம் நம்பர்" என்றாள் மலாயில். "திங்கக்கிழமை ரெண்டு டின் தண்ணி. நேத்து மறுபடி ரெண்டு டின். பால் டின்னால நாலு அளவு அரிசியும்."

கமலவேணியின் கை நின்றது. முப்பத்தேழு அவள் வீடு.

மீனாச்சி அவள் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆடோய்! ருக்மணி உன்கிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. கமலவேணியின் கணவன் கலியாணசுந்தரம் லோரி ஓட்டிக்கொண்டு ஜோகூர்ப் பக்கம் போய்ப் பத்து நாள் ஆகிறது. இந்த வாரம் முழுக்க அவள் ஆபீசுக்கும் கணக்கெடுப்புக்கும் அலைவதால் அடுப்படி முழுக்க அவனுடைய அக்கா ருக்மணியின் பொறுப்பு; கமலவேணிக்கு அவள் அண்ணி முறை. தன் வீட்டுப் பாரத்தை கமலவேணி முதல் நாளே எழுதி வைத்திருந்தாள். குச்சிகூட விட்டுப் பார்க்காமல், எல்லாவற்றுக்கும் 'போதும்', 'போதும்', 'போதும்'. செவ்வாய்க்கிழமை தட்டில் வெறும் பழைய சோறு வந்தது, மூன்று நாளாக அண்ணி "எனக்கு வயிறு மந்தமா இருக்கு, நீ சாப்பிடு" என்று தட்டை நகர்த்தியதெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. காது சுட்டது. ஊரார் ஜாடியையெல்லாம் அளந்தவள்! வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக அண்ணியின் பசி உறுத்தியது. மீனாச்சி மீதிப் பணியாரத்தை வாழையிலையில் சுற்றிக் கையில் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது ருக்மணி அடுப்பின்முன் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். கமலவேணி பணியாரத்தைப் பிரித்து அவள் பக்கத்தில் வைத்தாள். புதிதாக ஒரு பாரத்தை எடுத்துக்கொண்டு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணி, இந்த வாரம் நம்ம வீட்டுலேருந்து யாருக்காச்சும் தண்ணி குடுத்தீங்களா?"

"குடுக்காம? பாக்கியத்துக்கு ரெண்டு வாளி குடுத்தேன். பாவம், அவ வீட்டுல அழுக்குத் துணி வண்ணார் மூட்டை மாதிரி குவிஞ்சு கெடந்துச்சு."

"அந்தத் தண்ணி மீனாச்சி குடுத்தது."

ருக்மணியின் விரல்கள் நெத்திலியில் நின்றன. கமலவேணி தலையைத் தூக்கவில்லை.

"ஏன் அண்ணி என்கிட்ட சொல்லல?"

"வெயில்ல அலைஞ்சிட்டு வர்ற. வந்தவகிட்ட அரிசி இல்ல, தண்ணி இல்லன்னு ஒப்பாரி வெக்கச் சொல்றியா?" குரல் உரத்துதான் வந்தது. ஆனால் முகம் மறுபக்கம் திரும்பிவிட்டது.

"சாப்பிடுங்க முதல்ல" என்றாள் கமலவேணி. அண்ணி ஒரு பணியாரத்தை எடுக்கும்வரை காத்திருந்தாள். இரண்டாவதை எடுக்கும்வரையும் காத்திருந்தாள். பிறகு மடியில் பாரத்தை வைத்துப் பென்சிலால் மேலே '37' என்று போட்டாள்.

"பேரு எழுதறியா?" என்றாள் ருக்மணி.

"பேரு கெடையாது. நம்பர் மட்டுந்தான்."

"நம்பரப் பாத்தா தெரியாதாக்கும்." மூன்றாவது பணியாரம் கையிலேயே இருந்தது. "எழுதலன்னா என்ன ஆகும்?"

"இருபதுல நிக்கும். எழுதினா இருபத்தொண்ணு. பாதிக்கு மேல."

"பாக்கியம் வீட்ட எழுதினியா? அலமேலு வீட்ட?"

"எல்லாத்தையும் எழுதிட்டேன்."

ருக்மணி கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். அலமாரிக் கதவு கிரீச்சிட்டது, என்னென்னவோ உருண்டது. அண்ணிக்குக் கோபமா அழுகையா என்று தெரியாமல் கமலவேணி உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தவள் கையில் கலியாணசுந்தரத்தின் மைக்கூடும் பேனாவும் இருந்தன. அவற்றைத் தரையில் டொக்கென்று வைத்தாள்.

"பென்சில்ல எழுதினா தேஞ்சு போயிடும். மையால எழுது."

கமலவேணி எழுதினாள். காற்றில் காகிதம் பறக்காமல் அதன் ஒரு மூலையை ருக்மணி நெத்திலி வாசனை வீசும் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக உதடு அசையப் படித்துக்கொண்டே வந்தாள்.

"செவ்வாக்கிழமைய விட்டுட்ட" என்றாள். "அன்னிக்கு நான் உலையே வெக்கல."