யாரும் திருத்தாத ஊகம்

மாமா மறுபடியும் அழைத்தார். கம்சாயினி எடுக்கவில்லை. எடுத்து எதைச் சொல்வது? வாவியில் பாசி மண்டி மீன் செத்து மிதக்கத் தொடங்கியதும், கல்லடியில் வலை போடுகிற குஞ்சித்தம்பி மாமாதான் மீன்களைப் பையில் கட்டிக்கொண்டு அவளுடைய ஆய்வுகூடத்துக்கு வந்தார். "சாப்பிடலாமா எண்டு பாத்துச் சொல்லு புள்ள. நீ சொல்லாம வலையைத் தொடமாட்டன்" என்றார். கரையில் மற்றவர்களும் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது கணினி சொல்லிவிட்டது. மீன் ஈரலில் இருந்த பொருள்களை இயந்திரம் உடைத்து, ஒவ்வொன்றுக்கும் கைரேகை மாதிரி ஒரு கோட்டு வரிசை தந்திருந்தது. உலகத்து ஆய்வாளர்கள் கூடி இலவசமாக வளர்க்கிற இணைய நூலகத்தில் அதை ஒப்பிட்டாள். பாசி நஞ்சு என்று வந்தது, அச்சொட்டான பொருத்தத்துடன். மீன் சாகத் தொடங்கும்வரை மாமா வீட்டில் தினமும் வாவி மீன்தான்.

ஒரு நப்பாசையில் நூலகத்தில் அந்தப் பதிவைத் திறந்து, ஏற்றியவர் யாரென்று பார்த்தாள். நிதுர்ஷன். பக்கத்து மேசையில் வடை தின்றுகொண்டிருந்தவனேதான்.

"இதை நீயா ஏத்தின?"

"ஓம். போன வருசத்து வாவித் தண்ணியில கிடைச்சது. நஞ்சாத்தான் இருக்கும் எண்டு ஒரு ஊகம்."

"சுத்தமான நஞ்சோட வச்சுப் பாத்தியா?"

"அதுக்கு எங்க போற? பிழையெண்டா ஆராச்சும் திருத்துவாங்க எண்டு நினைச்சன்."

எல்லாரும் அப்படியே நினைத்திருக்கிறார்கள், படுபாவிகள். இந்த ஆய்வுகூடத்து ஊகமே உலகத்தைச் சுற்றிவிட்டு இந்த ஆய்வுகூடத்துக்கே சாட்சி சொல்ல வந்து நிற்கிறது. அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆறுதல் மட்டும் வரவில்லை. ஊகம் சரியாகவும் இருக்கலாமே. ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான நஞ்சை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க மாதக்கணக்காகும். மாமா அதுவரை எப்படிக் காத்திருப்பார்?

அடுத்த அழைப்பை எடுத்தாள்.

"என்ன புள்ள, நஞ்சா?"

"நஞ்செண்டு சொல்ல ஆதாரமில்ல மாமா."

"அப்ப நஞ்சில்லையா?"

"அதுவும் தெரியா."

அவருக்குப் பின்னால் ஆட்கள் சத்தம் போடுவது கேட்டது.

"படிச்ச கதை வேணாம். அந்த மீனை நீ சாப்பிடுவியா?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"மாட்டன் மாமா."

"அது காணும், வேற ஒண்டும் வேணாம்."

"பொறுங்க மாமா, அது என்ட பயம் மட்டுந்தான்..."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார் போலும். ஆனால் அழைப்பு அறுபடவில்லை. கரையைப் பார்த்து அவர் கத்தியது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"நஞ்சாமடா! நம்மட புள்ள பாத்துச் சொல்லிட்டாள்!"