செவ்வாய்க்கிழமை வரும் சக்கரம்

உலகத்திலேயே சக்கரம் இரண்டு தடவை கண்டுபிடிக்கப்பட்ட ஒரே வீடு அந்த முட்டுச்சந்தின் கடைசி வீடுதான்; மூன்றாவது தடவைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. சந்தேகமென்றால் எதிர்வீட்டுப் பல் டாக்டரைக் கேட்கலாம்.

அந்த வீட்டம்மா தையல்காரி. பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் வாசலைத் தாண்டியதும் மறந்துபோகிறதென்று மகளையும் மகனையும் வீட்டிலேயே படிக்கவைத்தாள். பழங்கால வரலாற்றுக்குப் பாடத்திட்டம் போட உட்கார்ந்தபோது கைப்பழக்கம் விடவில்லை. நாட்டுக்கொரு துணிப்பட்டை வெட்டி, எந்தக் கிழமை எந்தப் பாடமென்று சாக்பீஸால் குறித்து, ஒன்றின் வாலோடு அடுத்ததன் தலையைச் சேர்த்து மெஷினில் ஓட்டி, ஹாலைச் சுற்றிக் கட்டிவிட்டாள். பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தால் எல்லா நாடும் ஒன்றாக வயதாகியிருக்கும். இப்படித் தைத்ததால், ஒரு நாடு முடிந்து அடுத்தது தொடங்கும்போதெல்லாம் காலம் அந்தத் தையலில் இடறி மூவாயிரம் வருடம் பின்னால் போய் விழுந்தது. வீடும் கூடவே விழுந்தது. பாடம் நடக்காத பொருள் வீட்டில் தங்காது. கண்ணாடிப் பாடம் வரும்வரை மூக்குக்கண்ணாடியில் வெறும் கம்பி. எழுத்துப் பாடம் வரும்வரை செய்தித்தாள் வெள்ளையாக வந்தது. பொய் குறைந்திருக்கிறதென்று வீட்டுக்காரர் ரசித்துப் படித்தார். லிஃப்ட் மெக்கானிக்கான அவர் சக்கரமில்லாத ஸ்கூட்டரைத் தட்டிக்கொடுத்துவிட்டு நடந்தே வேலைக்குப் போனதில் தொப்பை கரைந்து, பேண்ட்டையெல்லாம் பிடித்துத் தைக்க வேண்டியதாயிற்று. பாடம் நடந்த நிமிடமே போனதெல்லாம் திரும்பிவிடும். பிள்ளைகள் எதையும் மறக்கவில்லை.

நம்பாத ஒரே ஆள் வீட்டுக்காரரின் அக்கா, தலைமையாசிரியை. ஒரு சனிக்கிழமை காரில் வந்து இறங்கினார்.

"நானே கேள்வி கேக்குறேன். ஒரு பதில் தப்பானாலும் ரெண்டு பேரும் என் ஸ்கூலுக்கு வந்துடணும். என்னடா, சரியா?"

தம்பி தலையாட்டினார், அக்காவிடம் அவருக்கு வேறெதுவும் ஆட்டத் தெரியாது. தையல்காரியின் நூல்தான் ஊசிக் காதுக்குள் நுழையாமல் மூன்று தடவை விலகிப் போனது. பட்டைப்படி அன்று காலையில்தான் எகிப்து முடிந்து மெசபடோமியா தொடங்கியிருந்தது.

பிரமிடு, பாப்பிரஸ், மம்மி என்று கேட்டதற்கெல்லாம் பிள்ளைகள் போட்டிபோட்டுச் சொன்னார்கள். கடைசியில் அத்தை சின்னவன் பக்கம் திரும்பினார்.

"சக்கரம் எப்போ வந்துச்சு?"

"இன்னும் வரல அத்தை. செவ்வாக்கிழமை வரும்."

"லட்சணம்! ஏம்மா, ரெண்டு பேருக்கும் யூனிஃபார்ம் தைக்க ஆரம்பி."

"தைக்கிறேன் அண்ணி. கார்ல ஏறுறதுக்கு முன்னாடி மட்டும் கொஞ்சம் குனிஞ்சு பாத்துடுங்க."

வாசலில் நிற்பதும் வீட்டுக் கணக்கில்தான் சேரும். கார் அடைகாக்கும் கோழிபோல வயிற்றால் தரையில் உட்கார்ந்திருந்தது. தலைமையாசிரியை சுற்றி வந்தார், குனிந்தார், டிக்கியைத் திறந்தார், ஸ்டெப்னியும் இல்லை. "செவ்வாய் வரைக்கும் அப்படித்தாங்க டீச்சர்," என்றார் எதிர்வீட்டுப் பல் டாக்டர், செடிக்குத் தண்ணீர் ஊற்றியபடியே.

தலைமையாசிரியை உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி, பட்டைக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வேணும்னா சக்கரத்தை நாளைக்கே நடத்திடலாம் அத்தை," என்றாள் மகள், இரக்கத்தோடு.

"பாடத்திட்டத்தை இஷ்டத்துக்கு மாத்துற வேலையெல்லாம் என்கிட்ட வேண்டாம். செவ்வாக்கிழமைன்னா செவ்வாக்கிழமை."

தையல்காரியின் நூல் ஊசிக்குள் ஒரே தடவையில் நுழைந்தது. தலைமையாசிரியை ஜன்னல் வழியே காரை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு சின்னவனைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நீ சொன்னது சரிதான்டா. இன்னும் வரல."