கின்காவுக்கு ஒரு முழு நாள்

மறுநாள் நாற்பதாம் நாள். இறந்துபோன மனைவி கின்காவின் முகம் அச்சான இருபது தாள்களும் ஒரு டேப் சுருளும் லூபெனின் தோள்பையில் இருந்தன. ப்ளோவ்திவ் நகரத்தில் சாவுச் செய்தியைத் தாள் ஒட்டித்தான் சொல்வார்கள்: வீட்டு வாசலில், பேருந்து நிறுத்தத்தில், வேலை பார்த்த இடத்தில். நாற்பதாம் நாளுக்கு மறுபடியும் ஒட்ட வேண்டும். பார்த்தவர்கள் தேவாலயத்துக்கு வருவார்கள். தனியாக யாரையும் கூப்பிடுவதில்லை.

"அத்தான், ஞாபகமா ஒட்டுங்க" என்றாள் கின்காவின் தங்கை சோன்கா. "பூசை முடிஞ்சதும் குடுக்க முப்பது பேருக்குக் கோதுமை வேகவைக்கிறேன். ஆளே வரலேன்னா அக்கா என்னைத்தான் திட்டுவா. செத்தா மட்டும் விட்டுடுவாளா?"

"சரி" என்றார் லூபென்.

முப்பத்தொன்பது நாட்களாக எல்லோரிடமும் இந்த ஒரு வார்த்தைதான். அவர் அழவில்லை. மனுஷன் எவ்வளவு தைரியமாக இருக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் மெச்சினார்கள். தைரியமாவது, மண்ணாங்கட்டியாவது! வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால்போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

முப்பத்தோரு வருஷமாகச் சுற்றுலாப் பயணிகளுக்கு ஊரைக் காட்டுவதுதான் அவர் பிழைப்பு. 'ப்ளோவ்திவில் ஒரு முழு நாள்' என்ற மஞ்சள் துண்டுத்தாளை அவரே எழுதியிருந்தார். கின்கா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். "உலகத்துக்கே ஊரைச் சுத்திக் காட்டுற மனுஷன், எனக்கு ஒரு நாள் காட்டினா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று கேட்பாள். "சீசன் முடியட்டும்" என்பார். முப்பத்தோரு சீசன் முடிந்தது.

அன்று காலை லிஃப்டில் இறங்கினார். முதல் தாளை அங்கேயே, சொந்த வாசலில் ஒட்டியிருக்க வேண்டும். கை பைக்குள் போகவில்லை. பேருந்து வந்தது, ஏறிவிட்டார். எங்கே இறங்குவது என்று யோசிக்கவும் இல்லை. கால் பழகிய இடத்தில் இறங்கிற்று.

"வாங்க தலைவரே!" என்று மசூதி ஓரத்துக் காப்பிக்கடையிலிருந்து இஸ்மெத் கத்தினான். "உங்க டூரிஸ்ட்டு ஆட்டுமந்தை எங்க? வழியில எவனாவது ஓட்டிட்டுப் போயிட்டானா?"

லூபென் கடைக்கம்பத்தில் ஒரு தாளை ஒட்டினார். இஸ்மெத் படித்தான். சிரிப்பு அடங்கிப் போயிற்று.

"அக்கா ஒரு தடவகூட இங்க வந்ததில்லையே."

"இல்ல."

இஸ்மெத் இரண்டு கோப்பை கொண்டுவந்து வைத்தான். லூபென் ஒன்றைக் குடித்தார். சூடு தெரிந்தது, ருசி தெரியவில்லை. இன்னொன்று ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தார்.

பிறகு ரோமானியர் கட்டிய கல் அரங்கம். கம்பியழியில் ஒரு தாள். மேட்டுத்தெருவில் ஏறும்போது கையைப் பின்னால் நீட்டி, "கல்லு வழுக்கும், ஓரமாப் பிடிச்சுக்கிட்டு வா" என்றார். முன்னால் போன இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பின்னால் யாருமில்லை. கையை மடக்கிக்கொண்டு நடந்தார்.

மரவீடுகள், கோட்டை வாசல், பழைய தேவாலயத்தின் மதில். போகிற வழியெல்லாம் ஒட்டினார். கடைசித் தாள் மலையுச்சி மரத்துக்கு. கின்காவின் முகம் மேற்கைப் பார்த்திருக்கும்படி ஒட்டிவிட்டு, சூரியன் இறங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்தார். முழங்கால் வலித்தது. வேறொன்றும் தெரியவில்லை.

வீட்டில் சோன்கா காத்திருந்தாள். "எங்கெல்லாம் ஒட்டினீங்க?"

"காப்பிக்கடை, அரங்கம், கோட்டை வாசல், மலை."

"நம்ம வாசல்ல? பஸ் ஸ்டாப்புல? ஸ்கூல்ல?"

லூபென் பைக்குள் கையை விட்டுத் துழாவினார். டேப் சுருள் மட்டும் தட்டுப்பட்டது.

"அடப்பாவி மனுஷா! அங்க யாருக்கு அவளைத் தெரியும்? டூரிஸ்ட்டுதான் போட்டோ எடுத்துட்டுப் போவான். நாளைக்குப் பத்து மணிக்கு நீங்களும் நானுமா புறாவுக்குக் கோதுமை போடுறது?"

அச்சகம் மூடியிருக்கும். சோன்கா அலமாரியைக் குடைந்து, ஒரு பக்கம் வெறுமையான மஞ்சள் தாள்கட்டு ஒன்றை எடுத்து மேசையில் போட்டாள். பக்கத்தில் மைப்பேனாவை வைத்தாள். "உக்காந்து எழுதுங்க. இப்பவே நான் போய் ஒட்டிட்டு வரேன்."

பகல் முழுக்க ஒட்டிய தாளில் என்ன இருந்தது என்று அவர் படிக்கவில்லை. இப்போது எழுத வேண்டியிருந்தது. 'கின்கா. நீ இல்லாத நாற்பது நாள். நாளை பத்து மணி, தேவாலயம்.' இரண்டு வரி எழுத வெகுநேரம் பிடித்தது.

சோன்கா முதல் தாளை வாங்கி டேப் கிழிக்கத் திருப்பினாள். அச்சான பக்கம் கண்ணில் பட்டது. "காலையில் மசூதி ஓரம் காப்பி. பிறகு அரங்கம், கோட்டை வாசல். மாலையில் மலையுச்சி, சூரிய அஸ்தமனம்..." படிக்கப் படிக்க அவள் குரல் இறங்கியது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தான். அக்காவக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"சீசன் முடியட்டும்னு சொல்லியிருந்தேன்."

"மலை ஏறினாளா?"

"ஏறினா. நடுவுல ஒரு தடவகூட உக்காரல."

லூபென் அடுத்த தாளை இழுத்தார். 'கின்கா' என்று எழுதினார். அதன்மேல் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்து மை பரவியது. சோன்கா அந்தத் தாளை எடுத்து ஒதுக்கிவிட்டு வேறொன்று கொடுத்தாள்.