பொன்னாடை போர்த்திய இயந்திரம்

ஆறுமுகநேரிக்குப் பக்கத்தில் பாத்திக்காடு என்ற உப்பளக் குடியிருப்புக்காகச் செய்த குடிநீர் இயந்திரம் ஒன்று, கொரோனா ஓய்ந்த மறுவருஷம் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக முத்தாக மாறிப்போனது. முத்து என்றால் மூக்குத்தியில் பதிக்கிற முத்து இல்லை. உள்ளே ஒரு அம்பாசடர் காரை நிறுத்தினால் வெளியே தெரியாது, அந்த அளவு. இந்தக் கடலில் ஆதிகாலம் தொட்டு மூச்சடக்கி மூழ்கி எடுத்த முத்தையெல்லாம் உருக்கி ஒன்றாக்கினாலும் அதில் கால்வாசி வராது என்று துறைமுகத்தில் சொல்கிறார்கள். துறைமுகத்தில் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொண்டாலும் பெரிய முத்துதான். இத்தனைக்கும் அது விளைந்தது கடலுக்குள் இல்லை. திருச்செந்தூர் சாலையில், ஏசி போட்ட கூட்ட அறையில்.

இயந்திரத்தைச் செய்தவள் இசக்கிசெல்வி. பைபாஸ் ஓரத்து பொறியியல் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியை. பிறந்தது பாத்திக்காட்டில். அந்தக் குடியிருப்பின் கிணற்றுத் தண்ணீரை ஒரு சட்டியில் ஊற்றி வெயிலில் வைத்துவிட்டுப் பல் தேய்த்து வந்தால் உப்பு எடுத்துக்கொள்ளலாம். தனியாகப் பாத்தி கட்ட வேண்டியதில்லை. குடிக்கிற தண்ணீர் ஒன்றுவிட்டு ஒருநாள் லாரியில் வரும். அவள் அம்மா செல்லக்கனிக்கு அளத்தில் உப்பு வாரியே சிறுநீரகத்தில் கல் சேர்ந்துவிட்டது. "நிறைய தண்ணி குடிக்கணும்மா" என்று டாக்டர் சொன்னபோது, "எந்தத் தண்ணி டாக்டர்?" என்று அவள் கேட்டாள். டாக்டர் அடுத்த சீட்டைக் கூப்பிட்டார். மகள்தான் பதில் தேடினாள். கண்ணாடித் தகடு, மீன்பெட்டி தெர்மாகோல், ஒரு சின்ன பம்பு, மேலே வெயில். ஒருபக்கம் கிணற்று நீரை ஊற்றினால் மறுபக்கம் குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. பீரோ அளவுதான் இருக்கும். அதில் வந்த முதல் தம்ளரைக் குடித்த செல்லக்கனி, "ஏளா, ருசியே இல்லையே" என்றாள். பாத்திக்காட்டில் தண்ணீரைப் பற்றி அதற்குமேல் யாரும் புகழ்ந்து சொன்னதில்லை.

மாவட்டத்தில் அப்போதுதான் கல்லூரியும் தொழில்துறையும் அரசும் கைகோத்துப் புதுமைகளை வளர்ப்பது என்று முடிவாகி, மூவருக்கும் பொதுவாகப் புத்தாக்க மையம் திறந்திருந்தார்கள். கல்லூரியின் சார்பில் டீன் சிவபாலன். தொழில்துறையின் சார்பில் காயல்பட்டினத்து முஹ்யித்தீன். வளைகுடாவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்து பம்பு பட்டறை நடத்துகிறவர். அரசின் சார்பில் நோடல் ஆபீசர் ஆவுடையப்பன். மூன்று பேருமே நல்லவர்கள் என்பதை முதலிலேயே எழுதி வைத்துவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் நம்பச் சிரமமாக இருக்கும். டீன் தன் சோதனைக்கூடத்தைத் திறந்துவிட்டார், முஹ்யித்தீன் பம்பை இலவசமாகக் கடைந்து கொடுத்தார், ஆவுடையப்பன் மானியக் கோப்பைத் தானே கையில் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறினார். இயந்திரத்தை மையத்தின் கூட்ட அறைக்குக் கொண்டுவந்து, மூன்று மாதம் ஓட்டிப் பார்த்து, பிறகு பாத்திக்காட்டில் நிறுவுவது என்று ஏற்பாடு.

தொடக்க விழாவில் ஒரு சிக்கல் வந்தது. நம் பக்கத்தில் பொன்னாடை போர்த்தாமல் ஒரு கூட்டம் தொடங்கினால் அது கூட்டம் இல்லை, வெறும் ஆட்கள் உட்கார்ந்திருப்பது. யாருக்கு முதல் ஆடை, யாருக்கு இரண்டாவது என்பதில் சம்பந்தம் முறிந்த குடும்பங்கள் உண்டு. அறிவைத் தருவது கல்லூரி, அதனால் முதல் ஆடை டீனுக்கு என்றது ஒரு பக்கம். இரும்பைத் தருவது யார் என்றது பட்டறைப் பக்கம். கட்டடமே எங்களுடையது என்றது அரசுப் பக்கம். மைக் அணைந்தது, கேசரி ஆறியது, மூன்று பக்கத்துக் கார்களும் கிளப்பப்பட்டன. அப்போது பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பால்துரை அண்ணாச்சி, ஆடைகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓரமாக நின்றவர், தொண்டையைச் செருமினார்.

"ஏன்யா மூணு பேரும் மொறச்சிக்கிட்டு நிக்கிதீய? மூணையும் அந்த மிஷினுக்குப் போடுங்க. முந்தி பிந்தின்னு அது கோவிச்சுக்கிடாதுல்லா."

மையத்தின் வரலாற்றில் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான். மூன்று பேரும் ஒரே நேரத்தில், ஒரே கைதட்டலில், இயந்திரத்துக்குப் போர்த்தினார்கள். மறுநாள் இசக்கிசெல்வி ஆடைகளை எடுக்கப் போனாள், கழன்று வரவில்லை. துணி துணியாக இல்லை. சிப்பியின் உட்புறம் போல வழவழவென்று, பச்சையும் ரோசாவும் கலந்து மின்னிக்கொண்டு தகட்டோடு தகடாக ஒட்டியிருந்தது. கண்ணாடிப் பக்கமும் குழாயும் தப்பியிருந்ததால் தண்ணீர் வந்தது. முன்னைவிட அழகாக இருக்கிறது என்றார் டீன். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

அதன்பின் மாதாந்திரக் கூட்டத்துக்கு மூன்று ஆடை, ஆய்வுக்குழு வந்தால் ஆடை, சென்னையிலிருந்து வந்தால் ஆடை, டெல்லியிலிருந்து வந்தால் அதைவிட அகலக் கரை போட்ட ஆடை. பனிக்கட்டி தேசம் ஒன்றிலிருந்து ஒரு குழு வந்து, எங்கள் நாட்டில் இப்படி மூன்று தரப்பும் ஒற்றுமையாக இருக்க நூறு வருஷம் ஆயிற்று என்று கண் கலங்கிப் போர்த்திவிட்டுப் போனது. பீரோவின் மூலைகள் மழுங்கின. பிறகு மூலைகளே இல்லை. அதைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு வடை போட்டே ஒரு தெரு பிழைத்தது. பால்துரை அண்ணாச்சி பொன்னாடைக்கென்றே தனியாக மாடி எடுத்தார், பிறகு விளாத்திகுளத்தில் கிளை திறந்தார். மையத்தால் மாவட்டத்தில் வளர்ந்த தொழில் எது என்று பின்னாளில் ஆய்வு செய்தவர்கள் அந்தக் கடையைத்தான் படம் பிடித்துப் போட்டார்கள். மழை பெய்த ஒரு மதியம் வாட்ச்மேன் ஆன்டனி, குளிருக்கு ஒதுங்கி, மையத்து ஆடை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு டீ குடிக்கிற நேரம் இருந்தார். தோள் பளிங்காகிவிட்டது. இன்றுவரை அந்தக் கையை இடுப்புக்குமேல் தூக்க முடியாது. கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் வெளிச்சம் பட்டால் பாதிரியாரே திரும்பிப் பார்ப்பார்.

குழாய் மூடியது ஒரு பங்குனியில். இசக்கிசெல்வி ஓடிவந்து சொன்னாள்: "சார், தண்ணி நின்னுருச்சு. உள்ள ஓடுது, சத்தம் கேக்குது, வெளிய வரல. இனிமே ஆடை வேண்டாம் சார்."

மூன்று பேரும் பதறிப்போய் உடனே அவசரக் கூட்டம் போட்டார்கள். ஆடை போர்த்துவதை நிறுத்துவது குறித்த அந்தக் கூட்டம், வழக்கப்படி, ஆடை போர்த்தித் தொடங்கியது. முடிவு எட்டாமல் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள். அதுவும் அப்படியே தொடங்கியது. முஹ்யித்தீன் மட்டும் ஒருநாள் வராந்தாவில் அவளிடம் மெல்லச் சொன்னார்: "சிப்பிக்குள்ள மண்ணு விழுந்தா என்னம்மா செய்யும்? ஏசுமா, துப்புமா? மேல மேல பூசி மரியாத பண்ணும். நாங்களும் அதத்தான் செய்யுதோம். அல்லாவே, நிறுத்தத் தெரியலையே."

"காக்கா, நான் மண்ணா?" காயல்பட்டினத்தில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அவர் கைக்குட்டையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவள் கடப்பாரை கொண்டுவந்து அடித்துப் பார்த்தாள். ஒரு சிராய்ப்பு இல்லை. கோயில் மணி அடித்த மாதிரி ஒரு நாதம் எழுந்து மணப்பாடு வரை கேட்டது. அங்கே வலையை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் ஆஞ்சலூஸ் ஜெப மணி என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அந்த வாரம் முத்து அரசுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது, காப்புரிமை கல்லூரிக்குப் போனது, வணிக உரிமை தொழில்துறைக்கு. மூன்று தரப்பும் அவ்வளவு இணக்கமாக ஒரு காரியம் செய்து யாரும் பார்த்ததில்லை. பிறகு ராட்சத கிரேன் பிடித்து, சொன்ன வாக்குப்படி, முத்தைப் பாத்திக்காட்டின் நடுவில் கொண்டுபோய் இறக்கினார்கள். இயந்திரம் நிறுவப்பட்டது என்று பதிவானது. இயந்திரம் உள்ள குடியிருப்புக்கு லாரி எதற்கு என்று மறுநாளே தண்ணீர் லாரி நின்றது.

பாத்திக்காட்டு ஜனங்கள் குடங்களோடு முத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். காதை வைத்தால் உள்ளே நல்ல தண்ணீர் சொட்டுவது தெளிவாகக் கேட்டது. குழந்தைகள் அந்தச் சத்தத்தில் தூங்கின. பெரியவர்களுக்கு அதைக் கேட்கக் கேட்கத் தாகம் கூடியது. அளத்தில் வேலை முடித்து, நெடுந்தூரம் நடந்து, டீக்கடையில் கெஞ்சி இரண்டு பாட்டில் வாங்கி வந்தார்கள். சித்திரை வெயில் மூன்று பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தது. நான்காவது செல்லக்கனி. வலியில் சுருண்டு கிடந்தவள் மகளைப் பார்த்ததும் சிரித்தாள்: "ஏளா, நீ படிச்சதுக்கு ஊருக்கே ஒரு உருண்டைய வாங்கிக் குடுத்துட்டியே. மத்தவ மக்க ஒரு சங்கிலியாவது வாங்கிக் குடுக்குதாளுவ."

இசக்கிசெல்வி அம்மாவோடு சேர்ந்து சிரித்துவிட்டு, நேரே ஆவுடையப்பன் அலுவலகத்துக்குப் போனாள். லாரியைத் திரும்ப விடுங்கள் என்றாள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பேசினார், அவளுக்கு அவ்வளவு மரியாதை.

"விடணும்னா மிஷின் ஓடலைன்னு எழுதணும்மா. ஓடலைன்னா தோல்வி. தோல்விக்கு எங்க கணக்குல தலைப்பே கிடையாது. திட்டம் முடிஞ்சிருச்சின்னு எழுதலாம். முடிஞ்ச திட்டத்து ஊருக்குப் பழைய ஏற்பாடு திரும்ப வந்துரும், லாரி தானா வரும்."

"அப்ப முடிங்க சார்."

"முடிக்கணும்னா நிறைவு விழா வைக்கணும்." அவர் குரல் இறங்கியது. "நிறைவு விழான்னா கண்டுபிடிச்சவங்களைக் கௌரவிக்கணும். மூணு தரப்பும்."

ஆன்டனியின் தோள் இருவருக்குமே ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"லாரி என்னைக்கு வரும் சார்?"

"விழா முடிஞ்ச வாரமே. அது என் பொறுப்பு."

"அப்ப போத்துங்க" என்றாள் இசக்கிசெல்வி.

முஹ்யித்தீன் அந்த வாரம் முழுக்க அலைந்தார். பூங்கொத்து கொடுக்கலாம், கேடயம் கொடுக்கலாம், காயல்பட்டினத்து அத்தர் ஒரு பெட்டி நானே தருகிறேன் என்று மன்றாடினார். பூங்கொத்தை யார் முதலில் கொடுப்பது என்பதில் பழைய சண்டை மறுபடி கிளம்பியது. அதுவே ஒரு வருஷம் இழுக்கும் போலிருந்தது. பாத்திக்காட்டில் இன்னும் இரண்டு பேர் படுத்துவிட்டார்கள். பால்துரை அண்ணாச்சி விழாவன்று இரண்டு கடையையும் அடைத்துவிட்டு, "என் கடைத் துணி அந்தப் பிள்ள மேல படக்கூடாதுய்யா" என்று திருச்செந்தூருக்குப் போய்விட்டார். ஆனால் மையத்தின் அலமாரியில் ஏற்கெனவே வாங்கி அடுக்கியது நிறையவே இருந்தது.

விழா சிறப்பாக நடந்தது. மூன்று பேரும் அழுதுகொண்டே போர்த்தினார்கள். இசக்கிசெல்வி நாற்காலியில் நேராக உட்கார்ந்து வாங்கிக்கொண்டு, ஏற்புரையில் கிணற்று நீரின் உவர்ப்பு, வெயிலின் சூடு, ஆவியின் கணக்கு எல்லாவற்றையும் கடைசிப் பெஞ்சுக்கும் புரிகிற மாதிரி விளக்கினாள். டவுன் பஸ்ஸில் வீடு திரும்பும்போதே தோள்கள் மின்னத் தொடங்கிவிட்டன. கண்டக்டர் டிக்கெட் கேட்க மறந்துவிட்டார். அடுத்த வாரம் லாரி வந்தது. ஆவுடையப்பன் சொன்ன சொல் தவறவில்லை. முன்பு ஒன்றுவிட்டு ஒருநாள் வந்தது இப்போது வாரத்துக்கு இரண்டு நாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவள்மேல் முத்துப் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்தது. புரட்டாசி வரை கல்லூரிக்குப் போனாள். கரும்பலகையில் எழுதக் கை மடங்காதபோது வாயால் சொல்லிக்கொடுத்தாள். ஐப்பசியில் நடக்க முடியாமல், லாரி நிற்கிற இடத்தருகே ஒரு கல்லில் உட்கார்ந்தாள். தண்ணீர் பிடிப்பதைப் பார்க்க அதுதான் வசதி. ஆஸ்பத்திரியிலிருந்து தேறி வந்த செல்லக்கனி தினமும் பக்கத்தில் உட்கார்ந்து தலை சீவிவிட்டாள், சீப்பு வழுக்குகிற வரைக்கும். இசக்கிசெல்வி கடைசியாகப் பேசியது ஒரு லாரி நாளில். "எம்மா, குடத்த நேரா வையி, சிந்துது" என்றாள். செல்லக்கனி குடத்தை நேராக வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது உதடு மூடியிருந்தது.

மையத்தில் அடுத்த கண்டுபிடிப்பாளரிடமிருந்து விண்ணப்பம் கேட்டு வருஷாவருஷம் விளம்பரம் வருகிறது. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் யாரும் போடுவதில்லை. ஏதாவது கண்டுபிடித்தால் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள். பாத்திக்காட்டில் இப்போது பெரிய உருண்டை ஒன்றும், உட்கார்ந்த ஆள் உயரத்தில் ஒன்றும் இருக்கின்றன. லாரி டிரைவர் சிவப்பிரகாஷுக்குச் சின்னதால்தான் தொந்தரவு. மதியத்தில் அதில் வெயில் பட்டு நேராகக் கண்ணில் அடிக்கிறது, பின்னால் எடுக்கும்போது ஒரு தடவை இரண்டு குடம் நசுங்கிவிட்டது. அவன் புகார் சொன்னதும் பெண்கள் கூடிப் பேசி, நாலு கம்பு நட்டு, மேலே பனையோலை வேய்ந்தார்கள். துணி கட்டலாம் என்று யாரோ சொன்னபோது ஒருத்தி அடுத்த ஓலையை எடுத்துக் கொடுத்தாள், ஓலையே போதும் என்று ஆகிவிட்டது. இப்போது கண் கூசுவதில்லை. லாரி ஒரே மூச்சில் திரும்பி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது.