நம்பர் போட்ட தகரம்

லட்சுமணன் பதினோரு கூரைத் தகரத்துக்கும் நம்பர் போட்டு வைத்திருந்தான். ஓரத்தில், சிவப்புப் பெயிண்டில், ஒன்று முதல் பதினொன்று வரை. வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பது அவன் தொழில். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். எந்தத் தகரத்துக்குப் பக்கத்தில் எது வரவேண்டும் என்பது கழற்றுகிற அவசரத்தில் மறந்துவிடும், அதற்குத்தான் நம்பர். டெல்லிக்கு வந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவர்கள் குடிசையைச் சர்க்கார் இரண்டு முறை இடித்தது. இரண்டு முறையும் புல்டோசர் தெருமுனையில் நிற்கும்போதே லட்சுமணன் கூரையைக் கழற்றி, சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி, வேறொரு இடத்தில் வரிசை மாறாமல் மாட்டிவிட்டான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை கூட உண்டு.

அந்தப் பெருமையைப் பார்த்தாலே அவன் மனைவி அருக்காணிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது ஊர் ஓரத்தில் அவர்களுக்கென்று ஒரு சின்ன மனை கிடைத்திருக்கிறது. காகிதம் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது, அருக்காணி பெயர் முதலில். சுவர் எழுப்பியாயிற்று. கூரை மட்டும் பாக்கி. அதுவரை அடுத்த சந்தில் வாடகை அறை. மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, தகரம் மாட்ட மிஸ்திரி துளைபோடும் மிஷினோடு வந்தபோது, சுவர் ஓரம் அடுக்கியிருந்த பதினோரு தகரத்தின் மேல் சாக்கை நாலாக மடித்துப் போட்டு அருக்காணி உட்கார்ந்திருந்தாள். மடியில் முறம். பீன்ஸ் அரிந்துகொண்டிருந்தாள்.

"எந்திரி அருக்காணி. மிஸ்திரி வந்தாச்சு."

"எந்திரிக்க மாட்டனுங்க."

"ஜல்தி, ஜல்தி" என்றார் மிஸ்திரி. அவருக்கு மதியம் வேறு வேலை இருந்தது.

லட்சுமணன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அடுத்தவங்க முன்னால மானத்த வாங்காத. இந்தத் தெருவுல எல்லாரும் தகரந்தான் போட்டிருக்காங்க."

"எல்லாரும் பகல்ல வேலைக்குப் போயிருவீங்க. அதுக்கடியில வேகறது ஆருங்க? பத்தாவதுல நம்ம புள்ள மதுமதி ஈரத்துண்ட தலையில போட்டுட்டுப் படிச்சாளே, பாத்தீங்கல்ல?"

"அப்ப சிமெண்ட் ஷீட் போடலாம்."

"ஒரு குரங்கு குதிச்சாப் போச்சு."

"ஃபைபர்?"

"ரெண்டு வெயிலுக்கு மஞ்சளாகி நொறுங்கும்."

"சரி, கான்கிரீட்டே போட்டுருவோமா?" என்றான் கிண்டலாக.

"அதுக்கு வாரக்கணக்குல தண்ணி கட்டோணும். குடிக்கற தண்ணிக்கே டேங்கர் வாரத்துக்கு ரெண்டு தடவதான் வருது. எனக்குக் கல்லு வேணும். இரும்பு கர்டர் போட்டு, மேல செவப்புக் கல்லுப் பலக."

இது அன்று காலையில் முளைத்த ஆசை இல்லை. ஜனக்புரியில் அவள் நாலு வீட்டில் சமைக்கிறாள். அதில் ஒரு பழைய வீட்டு மாடியறைக்குக் கல் கூரை. ஜூன் மாத மதியத்தில் அந்த அறையில் வடாம் எடுத்து வைக்கப் போனவள், அந்தக் குளுமையில் கொஞ்சம் அதிக நேரமே நின்றுவிட்டு வந்தாள். அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

மிஸ்திரி சுவரைத் தட்டிக் காட்டினார். கல்லின் எடையை இந்தச் சுவர் தாங்காது பெஹன்ஜி, இங்கே எல்லாரும் ஒற்றைச் செங்கல்தான் வைக்கிறார்கள் என்றார்.

"அளந்து பாருங்க" என்றாள் அருக்காணி, இந்தியில். டேப்பை இழுத்துப் பிடித்து அளந்தார். ஒன்பது இஞ்ச், இரண்டு செங்கல் கனம். சுவர் எழும்பிய நாட்களில் வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்தபின் ஒரு தடவை என்று அவள் தலையைக் காட்டியது எதற்கென்று லட்சுமணனுக்கு அப்போதுதான் உறைத்தது. மிஸ்திரி மிஷினைப் பையில் போட்டார்.

லட்சுமணனுக்கு முகம் சிவந்துவிட்டது. மனதில் கிடந்ததை அப்போதுதான் வெளியே விட்டான். "நாளைக்கு இதையும் இடிக்க வந்தா என்ன பண்ணுவ? தகரம்னா கழட்டித் தூக்கிட்டுப் போலாம். கல்லத் தூக்குவியா?"

அருக்காணி முறத்தைக் கீழே வைத்தாள்.

"கழட்டலாம். அதுதாங்க எனக்கு ஆகல. ரெண்டு தடவையும் அவங்களா இடிச்சாங்க? பாதி வேலைய நாமளே செஞ்சு குடுத்தோம். அவன் வண்டிய உட்டு எறங்கறதுக்குள்ள கூரைய எறக்கி வெச்சுட்டு ஓரமா நின்னோம். மொத தடவ மதுமதி வயித்துல இருந்தா, நான் ஏழாம் நம்பர் தகரத்தப் புடிச்சுட்டு நின்னேன். இனி என்ற கையால ஒரு ஆணி புடுங்க மாட்டேன். வர்றவன் வரட்டும். வந்தா, ஒடைக்கறதுக்கு அவன் கை வலிக்கட்டும்!"

தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அவள் இன்னும் சத்தமாகவே பேசினாள். தகரம் ஏறினால் அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றாள். காகிதத்தில் முதல் பெயர் யாருடையது என்றும் கேட்டாள். லட்சுமணன் டீ குடிக்கப் போனான். அவன் வந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. பீன்ஸ் எப்போதோ முடிந்து, வெங்காயமும் உரித்தாயிற்று. வெயில் உச்சிக்கு வந்தது. சாக்கையும் மீறித் தகரம் சுட்டது. சுடட்டும் என்று இருந்தாள்.

மிஸ்திரிதான் கடைசியில் வாயைத் திறந்தார். "ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன் பெஹன்ஜி. கல்லை ஏற்றி, இடுக்கில் சிமெண்ட் பூசி, மேலே மண் கொட்டித் தளம் போட்டால், அப்புறம் முழுசாகக் கழற்ற முடியாது. உடைத்தால்தான் உண்டு."

"அதுதான் வேணும்" என்றாள்.

லட்சுமணன் முறத்தை எடுத்து நிழலில் வைத்தான். பிறகு, "கல்லுக்கு ஆர்டர் குடுத்துருங்க" என்று மிஸ்திரியிடம் சொன்னான்.

பத்து நாள் கழித்துக் கல் வந்து இறங்கியது. பதினாலு பலகை, செக்கச்செவேலென்று. கர்டர் ஏற்கெனவே சுவர் மேல் உட்கார்ந்திருந்தது. ஆட்கள் கயிற்றோடு வரும்வரை கல்லுக்குக் காவல் இரு என்று லட்சுமணனை விட்டுவிட்டு அருக்காணி டீ வாங்கப் போனாள்.

திரும்பி வந்தபோது அவன் குந்தி உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஏழாவது கல்லின் ஓரத்தில் சிவப்புப் பெயிண்டால் ஏழு எழுதிக்கொண்டிருந்தான். அச்சடித்த மாதிரி எழுத்து.

"எதுக்குங்க நம்பரு?"

லட்சுமணன் நிமிர்ந்தான். பிரஷ்ஷைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான். அவன் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் தான் பெருமை என்று எரிச்சல்பட்டது முழுக்க அவனுடைய பயம் என்று அருக்காணிக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆனாலும் விடவில்லை. பெயிண்ட் டப்பா பக்கத்தில் கிடந்த துணியை டர்பன்டைனில் நனைத்து அவன் கையில் கொடுத்தாள்.

"அழிங்க" என்றாள். "இது ஒருக்காதான் ஏறும்."

அவன் ஏழிலிருந்து ஆரம்பித்து ஒன்று வரை துடைத்தான்.