றூபினியின் புதன் பின்னேரம்

ஞானரட்ணம் பள்ளிக்கூடத்துக்குள் தமிழ் பேசினால் யாருக்கோ நட்டம் என்று அர்த்தம். அந்த யாரோ எப்போதும் றூபினிதான். லண்டனில் நோர்பரியில் இருந்த அந்த அரசாங்க ஆரம்பப் பள்ளியில் தமிழ் விளங்கிய ஆசிரியர் அவளைவிட வேறு ஒருவரும் இல்லை.

ஞானரட்ணம் துணை அதிபர். நடக்கும்போது வயிறு கொஞ்சம் முன்னால் போகும், பகிடியும் சிரிப்பும் அதற்கும் முன்னால் போகும். எந்த ஆசிரியராவது சுகமில்லை என்று போன் அடித்தால், அந்த வகுப்பை யார் தலையில் கட்டுவது என்று தீர்மானிப்பது அவர் வேலை. வெளியிலிருந்து ஒருவரைக் கூப்பிடக் காசில்லை என்று அதிபர் அம்மா கையை விரித்துவிட்டார். மிஞ்சியது ஒரு வழி. எங்கேயாவது ஒரு மூலையில் குந்தியிருந்து பாடம் ஆயத்தப்படுத்தும் ஆசிரியரைப் பிடித்து எழுப்புவது.

அதற்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. கற்பிக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கையாவது, பள்ளிக்கூட நேரத்துக்குள்ளேயே, பாடம் திட்டமிடவும் கொப்பி திருத்தவும் ஆசிரியருக்கு விட்டுவிட வேண்டும். இன்னொருவரின் வகுப்பைப் பார்க்க அந்த நேரத்தில் கை வைக்கக்கூடாது. ஞானரட்ணத்துக்கு இது மனப்பாடம். ஒரு காலத்தில் அவர் ஆசிரியர் சங்கத்துக்காரன். றூபினி வேலைக்கு வந்த முதல் நாள் அவளுக்கு இதை விளங்கப்படுத்தியவரே அவர்தான். அவளுக்கு அந்த நேரம் புதன் பின்னேரம்.

"உம்மட புதன் பின்னேரத்தில ஆரும் கை வைச்சா என்னட்ட வாரும், தங்கச்சி," என்று மேசையில் தட்டிச் சொன்னார்.

அடுத்த வருடம் துணை அதிபரானார். அந்த 'ஆரும்' அவரேதான் என்றும் ஆனது.

மற்றவர்களிடம் கேட்டால் அவர்கள் சங்கத்துக்கு எழுதுவார்கள். றூபினி எழுதமாட்டாள். மன்னார்ப் பிள்ளை, சட்டனிலிருந்து பஸ் மாறி வருகிறவள், மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு படித்து ஆசிரியை ஆனவள். எங்கட ஆள் என்ற உரிமையில் கேட்கிறேன் என்று தொடங்கினால் அவளுக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது. அது தெரிந்துதான் அவர் புதனுக்குப் புதன் புதுப் பகிடி ஒன்றோடு போனார். அவள் சிரித்துவிட்டு எழும்பிப் போனாள். தன் பாடங்களை வீட்டில், மகளின் சாப்பாட்டுக்கும் குளிப்புக்கும் நடுவே எழுதினாள்.

அந்தப் புதன்கிழமை காலை அதிபர் தன் அறையில் தேநீருக்குள் பிஸ்கட்டைத் தோய்த்தபடி றூபினியின் கதையை எடுத்தார். போன மாதம் அவளுடைய கணித பாடத்தைப் போய்ப் பார்த்தாராம், ஆயத்தமே இல்லையாம். நாளைக்கு மறுபடி பார்க்கப் போகிறாராம். இந்த முறையும் அப்படி என்றால் ஆதரவுத் திட்டத்தில்தான் போட வேண்டுமாம். பெயரைக் கேட்டால் யாரோ தோளில் கை போடுவதுபோல இருக்கும். அந்தப் பள்ளியில் ஆதரவு கிடைத்த எவரும் அடுத்த நத்தார்ப் பண்டிகைக்கு அங்கே வேலையில் இருந்ததில்லை.

நல்ல பிள்ளைதான், ஆனால் திட்டமிடல் அவளுக்கு வராதுபோல, இல்லையா என்று கேட்டு அதிபர் அவரைப் பார்த்தார்.

ஞானரட்ணம் தலையாட்டினார். அத்தோடு நின்றிருக்கலாம். நீட்டிய தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டும் எடுத்து வாயில் போட்டார். அது நனைந்த கடுதாசிபோல் ஊறி அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. விழுங்கவும் ஏலவில்லை, அதிபரின் கம்பளத்தில் துப்பவும் ஏலவில்லை. பொக்கற்றில் கைவிட்டு எடுத்தவன், பறிகொடுத்தவளுக்குக் காசு வைத்திருக்கத் தெரியாது என்று பொலிசுக்குச் சொல்வதுபோல இருந்தது அது. அப்படிப்பட்டவன் மென்றுகொண்டும் இருந்தான்.

அதிபர் இன்னும் முடிக்கவில்லை. ஆறாம் வகுப்பு ஆசிரியர் வாந்தி எடுத்து வீட்டுக்குப் போய்விட்டார், பின்னேரத்துக்கு றூபினியை அனுப்புங்கள், அவள் எப்போதும் ஒத்துழைப்பாளே என்றார். ஞானரட்ணத்தை அனுப்ப ஏலாது. அவருக்கு அன்று பின்னேரம் மண்டபத்தில் பேச்சு இருந்தது. மற்றப் பள்ளிகளிலிருந்து வரும் விருந்தினர்களுக்கு, ஆசிரியர்களின் மனநலத்தைப் பேணுவது எப்படி என்று அவர் சொல்லிக்கொடுக்க வேண்டும். சூரியன் மறையும் படம் ஒன்றைக்கூடத் திரைக்கு ஆயத்தப்படுத்தி வைத்திருந்தார். அவருக்கு மட்டும் ஆயத்தம் பண்ண நேரம் கிடைத்திருந்தது.

மதியம் ஆசிரியர்களின் கழிப்பறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று றூபினிக்கான பகிடியை ஒருதரம் சொல்லிப் பார்க்கப் போனார். வாயைத் திறக்க முன்னமே சிரிப்பு முகத்தில் வந்து குந்தியிருந்தது. மூக்குச்சளிபோல ஒட்டிக்கொண்டிருந்த அந்தச் சிரிப்பைப் பார்க்க அவருக்கே அரியண்டமாக இருந்தது. முகத்தைக் கழுவினார். பாதிதான் போனது.

றூபினி நூலக மூலையில் குழந்தைகளின் குட்டி மேசையில் இருந்தாள். நாளைய பின்னக் கணக்குக்காக மஞ்சள் மட்டையில் ரொட்டி ரொட்டியாக வட்டம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி," என்றார்.

அடுத்த சொல் வர முதல் கத்தரிக்கோல் மேசைக்கு வந்துவிட்டது. மடிக்கணினி மூடியது. வெட்டின ரொட்டிகள் உறைக்குள் போயின. விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் எழும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அதற்கு அவரிடம் பகிடி இருந்தது.

"எந்த வகுப்பு அண்ணை?"

"ஒரு வகுப்பும் இல்லை. நீர் இரும். ஆறாம் வகுப்புக்கு நான் போறன்."

அவள் மரியாதைக்குப் பல்லைக் காட்டிவிட்டுக் காத்து நின்றாள்.

"பகிடியை முடியுங்கோ அண்ணை. மணி அடிக்கப் போகுது."

முடிக்க அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்குச் செய்த கதிரையில் இருந்தார். முழங்கால் தாடைக்கு வந்தது.

"பகிடி இல்லை. நாளைக்கு அதிபர் உம்மட பாடத்தைப் பாக்க வாறா. உமக்கு ஆயத்தம் பண்ண வராது எண்டு காலமை சொன்னா. நான் தலையாட்டிப்போட்டு வந்தனான்." கதிரையில் நெளிந்து, "பிஸ்கட்டும் திண்டனான்," என்றார்.

றூபினி சிரிக்கவில்லை. உறையைத் திறந்து ரொட்டிகளைத் திரும்ப மேசையில் கொட்டினாள். கத்தரிக்கோலை எடுத்தாள்.

"அதை அவவிட்டப் போய்ச் சொல்லுங்கோ," என்றாள். "எனக்கு எதுக்குச் சொல்லுறியள்?"

அதன் பிறகு அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆறாம் வகுப்பில் அவர் நைல் நதியைப் பாதி தூரம் கொண்டுபோன நேரம் அதிபர் வாசலில் வந்து நின்றார். விருந்தினர் காத்திருக்கிறார்கள், சான்ட்விச் காய்கிறது, றூபினி எங்கே என்று கேட்டார். ஞானரட்ணம் சொன்னார். இது றூபினியின் நேரம். சட்டம் கொடுத்த நேரம். இந்த வருடம் பள்ளிக்கூடம் தொடங்கிய நாள் முதல் புதனுக்குப் புதன் அதை எடுத்தவன் நான், எடுக்கச் சொன்னது நீங்கள். ஆயத்தம் போதாது என்று எழுதுவதானால் எங்கள் இரண்டு பேரின் பெயரையும் போட்டு எழுதுங்கள்.

அதிபர் அவரை உற்றுப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். நீங்கள் ஒரு சரியான ஆள், மண்டபத்திலும் இதைச் சொல்லுங்கள் என்றார்.

ஞானரட்ணத்தின் முகத்துக்குச் சிரிப்பு தானாக ஏறி வந்தது. கூட ஒருதரம் சிரித்தால் போதும், எல்லாம் பகிடியாகிவிடும், நாலு மணிக்கு வீட்டுக்குப் போகலாம். பல்லைக் கடித்து அதை உள்ளே தள்ளினார். பிறகு சொன்னதையே முதலிலிருந்து, சொல்வதெழுதுதல் கொடுப்பதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். பிள்ளைகள் பென்சிலை வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார்கள்.

அதிபரின் சிரிப்பு பாதியில் நின்றது. நாளைய பாடம் பார்த்தல் இல்லை என்றார். பள்ளிக்கூடம் விட்டதும் தன் அறைக்கு வரச் சொன்னார். நன்றி என்று சொல்லவில்லை, கதவையும் சாத்தவில்லை.

திறந்த கதவு வழியாக நூலக மூலை தெரிந்தது. றூபினி மட்டையை இன்னும் வெட்டிக்கொண்டிருந்தாள். நாளைக்கு யாரும் பார்க்க வரமாட்டார்கள் என்று போய்ச் சொல்ல அவருக்கு ஆசையாக இருந்தது. அங்கே போய் நின்றாலே, வகுப்புக்குக் கூப்பிட வந்திருக்கிறார் என்று அவள் கத்தரிக்கோலைக் கீழே வைப்பாள். அவர் போகவில்லை. தொண்டைக்குள் பிஸ்கட்டின் பிசுபிசுப்பு இன்னும் கிடந்தது. ஒருதரம் செருமிவிட்டு நைல் நதிக்குத் திரும்பினார்.