பிழையைச் சுட்டும் வரி

குளிர்பெட்டி கொண்டுவந்தவர் அறைக்குள் ஒயர் போகும் சுவர் பிளக்கைப் பிடுங்கக் கை வைத்ததும், "அதைத் தொடாதீங்க!" என்று மகள் போட்ட சத்தத்தில் கூடமே திரும்பிப் பார்த்தது.

பெரியப்பாவுக்குச் சுருக்கென்றது. காலையில்தான் தம்பி இறந்திருக்கிறான். வந்தவர்கள் நாற்காலிகளில் வாய் மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். இவள் ஒரு பிளக்குக்காகக் கத்துகிறாள்.

"மெதுவா பேசு. நாலு பேர் இருக்காங்க."

"பிடுங்கினா கம்ப்யூட்டர் டெஸ்ட் செத்துடும் பெரியப்பா. அப்பா ஓட விட்டுட்டுப் போனது." சொன்னபிறகுதான் சொன்ன வார்த்தை அவளுக்கே உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எனக்கு எந்த பிளக்கா இருந்தாலும் சரிதாங்க" என்றார் பெட்டிக்காரர்.

பெரியப்பா சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜின் பிளக்கைத் தானே பிடுங்கினார். அங்கிருந்து ஒயரை இழுத்துப் பெட்டிக்குக் கொடுத்தார்கள்.

மதியத்துக்குப் பிறகு கூட்டம் சற்றுக் குறைந்தது. அவர் தம்பியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மேசைமேல் உள்ளங்கை அளவில் ஒரு பச்சைப் பலகை, அதைச் சுற்றி ஒயர்கள், விட்டு விட்டு எரியும் ஒரு சின்ன விளக்கு. பக்கத்தில் டீ டம்ளர். இந்த மேசையில்தான் தம்பி தலை சாய்த்தான். அவன் நாற்காலியில் இப்போது மகள்.

"அப்படி என்ன தலைபோற வேலை?"

"இதுல ரெண்டு சிப் இருக்கு பெரியப்பா. ஒண்ணு ஒரு பெட்டியில சேதியை வெச்சுட்டு மணி அடிக்கும். இன்னொண்ணு அதை எடுத்துக்கிட்டு, 'ஆச்சு'ன்னு பதில் மணி அடிக்கணும். ரெண்டுக்கும் நடுவுல அப்பா எழுதின ப்ரோக்ராம், அந்த டிரைவர்…"

"தெரியும், தெரியும். கம்ப்யூட்டருக்கே அடிவேரான கெர்னலுக்குள்ளயே இருக்கு. உலகம் பூரா ஓடுது." சம்பந்தி வீட்டில் அவர் பல தடவை சொன்னதுதான்.

"தப்பா ஓடுது."

அவர் நிமிர்ந்தார்.

"சேதியை எடுக்கறதுக்கு முன்னாடியே 'ஆச்சு'ன்னு மணி அடிச்சுடுது. வேலை கம்மியா இருக்கறப்ப தெரியாது. நெருக்கடியில, அந்தப் பக்கம் அடுத்த சேதியை இது மேலயே வெச்சுடும். முதல் சேதி போச்சு. மிஷின் அப்படியே நின்னுடும். நீங்க போன் பேசற மாதிரிதான். நாங்க பாதி சொல்றதுக்குள்ள 'தெரியும் தெரியும்'னு வெச்சுடுவீங்க இல்ல?"

வேறு நாளாக இருந்தால் இந்த வாய்க்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள்.

"அப்பாவே திருத்திட்டாரு. மதியம் வரைக்கும் நிக்காம ஓடினா, கெர்னலைப் பாத்துக்கறவங்களுக்கு அனுப்பிடலாம்னாரு. ஓடிடுச்சு. இன்னைக்குள்ள போகலைன்னா, டிரைவரையே கெர்னல்லேர்ந்து தூக்கிடுவாங்க."

"அனுப்பு. யாரு வேண்டாம்னது?"

அவள் திரையைக் காட்டினாள். திருத்தத்துக்குக் கீழே ஒரு வரி.

"பிழை எந்த மாற்றத்தோட உள்ள வந்துச்சுன்னு எழுதணும். அதான் வழக்கம். இதைத் தட்டினா அந்த மாற்றத்தை எழுதினவர் பேரு வரும்."

"யாரு?"

"அப்பாதான்."

"செத்த அன்னைக்கே பெத்த அப்பன் மேல பழி எழுதறியா?" குரலை அடக்கியதில் அவர் கழுத்து நரம்பு புடைத்தது. "வெளியில என் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்காரு. அவரும் இதே தொழில். நாளைக்கே படிப்பாரு. அந்த வரியை எடு. திருத்தம் மட்டும் போகட்டும்."

"எடுக்கலாம். யாரும் கேக்க மாட்டாங்க." விளக்கைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஆனா பழைய பதிப்பு ஓடற மிஷினுக்கெல்லாம் இந்த வரியைப் பார்த்துதான் திருத்தத்தைக் கொண்டுபோவாங்க. வரி இல்லாட்டி அதெல்லாம் நின்னுக்கிட்டேதான் இருக்கும். காலையில டீ கொண்டுவந்தேன். 'எந்த மடையன் பண்ணின வேலைன்னு தேடினா, நான்தான்டி'ன்னு அப்படிச் சிரிச்சாரு. இந்த வரியையும் அவரேதான் போட்டாரு. டீ ஆறட்டும்னாரு. நான் குளிக்கப் போயிட்டேன்."

அவள் முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. கூடத்தில் யாரோ நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"தட்டு, அந்த வரியை."

தம்பியின் பெயர் வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். பெயருக்கு முன்னால் தங்கள் அப்பாவின் முதலெழுத்து, இனிஷியலாக இருந்தது.

"திருத்தத்துல யார் பேரு?"

"அதுலயும் அதே பேருதான். கீழே, அனுப்பறது நான்னு என் பேரு."

"உன் பேருக்கு முன்னாடி எழுத்தைக் காணோமே."

"நான் போடறதில்ல பெரியப்பா."

"போடு. யார் பொண்ணுன்னு தெரிய வேண்டாமா?"

அவள் ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்தாள். வரியை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி அவரும் மறுபடி சொல்லவில்லை. அனுப்பினாள்.

சாயங்காலம் தம்பி மனைவி வாசலிலிருந்து, "மாமா, வண்டி வந்துடுச்சு" என்றாள். உடலை வண்டிக்கு மாற்றினார்கள். பெட்டிக்காரர் தன் ஒயரைச் சுருட்டிக்கொண்டார். பெரியப்பா சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜின் பிளக்கைத் திரும்பச் செருகினார். அது ஒருமுறை குலுங்கிவிட்டு ஓட ஆரம்பித்தது.

மாப்பிள்ளை அறைக்குள் எட்டிப் பார்த்தார். "இதை நிறுத்திடவா மாமா? வீட்டுல யாரும் இருக்கப்போறதில்லையே."

"வேண்டாம். ஓடட்டும்."

மாப்பிள்ளை வெளியே போகும்வரை பெரியப்பா நின்றார். பிறகு, ஆடை படிந்திருந்த டீ டம்ளரை, ஒயர்மேல் சிந்திவிடாதபடி, மேசையின் அந்த ஓரத்துக்கு மெல்ல நகர்த்தி வைத்தார்.